பிள்ளைச்சோறு

என் மகள் மிளிரின் எச்சிலுக்குக் கோயமுத்தூரில் இருக்கிற மரியாதை மிளிருக்கு இல்லை. இப்படிச் சொன்னால் என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். திருப்பிக்கொள்ளட்டும், உண்மை அதுதான். தை பிறந்துவிட்டால் போதும், கல்யாணம் பேசி முடித்த வீடுகளிலிருந்து அழைப்பு மேல் அழைப்பு வரும். "உங்க பாப்பாவக் கொஞ்ச நேரம் கூட்டிட்டு வர முடியுங்களா? எங்க பொண்ணுக்கு ஊட்டோணும்."

ஊட்டுவது என்றால் இதுதான். மிளிர் முதலில் ஒரு வாய் நெய்ச்சோறு தின்பாள். பிறகு விரலைச் சப்பிவிட்டு அதே கையால் கிண்ணத்தைத் துழாவி, கல்யாணப் பெண்ணுக்கு மூன்று வாய் ஊட்டுவாள். பத்திரிகையில் 'பிள்ளைச்சோறு' என்று அழகாக அச்சடிப்பார்கள். வாய்ப்பேச்சில் எச்சில் சோறுதான்.

நம் ஆட்கள் எச்சில் விஷயத்தில் மகா கண்டிப்பு. அடுத்த வீட்டுச் செம்பை உதட்டில் வைக்காமல் அண்ணாந்துதான் குடிப்பார்கள். ஆனால் பிள்ளை எச்சில் மட்டும் எச்சிலே இல்லை. பிள்ளை வைத்த மிச்சத்தை வழித்துத் தின்றே எத்தனையோ அம்மாக்களின் இடுப்பு பெருத்திருக்கிறது. அதில் ஒரு நன்மையும் இருந்திருக்கிறது என்று எனக்குச் சொன்னவர், பிள்ளைச்சோற்றுக்குப் பெண்களைப் பதிவு செய்கிற மையத்தின் டாக்டர் கோகிலவாணி.

"இந்த சைட்டோமெகலோ வைரஸ் இருக்குதே பூவிழி, முன்னெல்லாம் நம்மூர்ல எல்லாருக்கும் சின்ன வயசுலயே வந்துரும். ரெண்டு நாள் மூக்கு ஒழுகும், அவ்வளவுதான். வந்தது போகாது, உடம்புக்குள்ளயே குடியிருக்கும். உடம்பும் அத ஞாபகம் வெச்சுக்கும். அந்தப் பொண்ணு பெருசாகி முழுகாம இருக்கறப்ப வயித்துப் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது."

"இப்ப மட்டும் என்னங்க டாக்டர்?"

"இப்ப நாம பிள்ளைகளக் கண்ணாடிப் பொட்டியில வெச்சு வளக்கறோம். மூணு தொற்றுக் காலம் வந்து போனதுல எல்லாருக்கும் பயம். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையத் தொடறதில்ல. இருபத்தஞ்சு வயசுப் பொண்ணோட உடம்பு இந்த வைரஸப் பாத்ததே இல்ல. முழுகாம இருக்கற நேரத்துல முதல் தடவையா வந்தா, வயித்துப் பிள்ளையோட காதுல போய் உக்காந்துரும். சில பிள்ளைகளுக்குக் கண்ணு, மூளைன்னு போகும். தடுப்பூசியும் போட்டுப் பாத்தாச்சு, கல்யாண வயசுக்குள்ள மங்கிப் போகுது."

"அதனால முன்னாடியே வரவெச்சுடறீங்க."

"வரவெச்சு, அஞ்சாறு மாசம் விட்டுரோணும். ரத்தத்துல முதல்ல உண்டாகற எதிர்ப்புச் சக்தி புது வேலையாள் மாதிரி, வைரஸப் பிடிக்கும், நழுவவும் விட்டுரும். போகப் போகத்தான் பிடி இறுகும். பிடி இறுகினதுக்கப்புறம் கல்யாணம் வெச்சா நிம்மதி."

அதனால்தான் இப்போதெல்லாம் 'ஜாதகம் பாத்தாச்சா' என்பதற்கு முன்னால் 'பிடி பாத்தாச்சா' என்கிறார்கள். இறுகாத பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டார் முகூர்த்தம் குறிக்க மாட்டார்கள்.

சோறு ஊட்டும் முன் பெண்ணிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நீ ஏற்கனவே முழுகாமல் இருக்கிறாயா? ஆரம்பத்தில் மையத்தில் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு பெண்ணின் தகப்பனார், "கல்யாணமாகாத பிள்ளைகிட்டக் கேக்கற கேள்வியாடா இது" என்று நாற்காலியைத் தூக்கி முன்னறைக் கண்ணாடியை நொறுக்கிவிட்டார். அன்றோடு அந்தக் கேள்வி போயிற்று. கல்யாணம் ஆகவில்லையா, அப்படியானால் கர்ப்பமும் இல்லை. மருத்துவம் படித்தவர்களும் இந்தக் கணக்குக்குத் தலையாட்டினார்களே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

மிளிருக்குக் காது கேட்காது. பிறவியிலேயே. உள்ளே கருவி வைத்துப் பார்த்தார்கள், நரம்பு ஒத்துழைக்கவில்லை. அவளும் நானும் கையால் பேசிக்கொள்வோம். கருவிலேயே வைரஸ் வாங்கிய பிள்ளை என்பதால்தான் அவள் எச்சிலில் அது வருஷக்கணக்கில் வந்துகொண்டிருக்கிறது, அதனால்தான் அவளுக்கு இத்தனை கிராக்கி. இது மையத்துக்குத் தெரியும். கூப்பிடுகிற வீடுகளுக்குத் தெரியாது. நல்ல காரியத்துக்குக் குறையுள்ள பிள்ளையை எந்த வீட்டில் வாசல் ஏற்றுவார்கள்? "பாப்பா புது ஆளுகிட்டப் பேச மாட்டாளுங்க" என்று சொல்லிச் சமாளிப்பேன். யாரும் அவளைப் பின்னாலிருந்து கூப்பிடாதபடி பார்த்துக்கொள்வேன்.

அப்படி மறைத்துக்கொண்டு ஏன் போக வேண்டும் என்று கேட்கலாம். பூங்காவில் மிளிர் ஊஞ்சல் பக்கம் போனால் மற்ற அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு ஓடுகிறார்கள். கல்யாண வீட்டில் மட்டும்தான் அவளைத் தூக்கி முத்தம் கொடுக்கிறார்கள். பட்டுப் பாவாடை கட்டிவிட்டு மனையில் உட்கார வைக்கிறார்கள். அந்தச் சில நிமிஷம் அவள் முகத்தில் வருகிற பூரிப்புக்காகப் போனேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அன்றைக்கு வடவள்ளியில் ஒரு வீடு. வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் ஊட்டி முடிக்க வேண்டும். பெண்ணின் அம்மா சுலோச்சனா வாசலுக்கே ஓடி வந்தார். "வா கண்ணு, வா. எங்க நேரமாயிருமோன்னு தவிச்சுட்டேன்" என்று மிளிரை வாரி எடுத்தார். கூடத்து நாற்காலியில் மாப்பிள்ளையின் அம்மா ரங்கநாயகி உட்கார்ந்திருந்தார். பொள்ளாச்சியிலிருந்து இதைப் பார்ப்பதற்கென்றே வந்தவர். யாரோடும் ஒட்டாமல், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வந்த காபியையும் தொடாமல் இருந்தார். கறார்ப் பேர்வழி என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணப் பெண் பெயர் நறுமுகை. மற்ற பெண்கள் எல்லாம் மிளிரைப் பார்த்ததும் பாய்ந்து வந்து கொஞ்சுவார்கள். இவள் கதவோரமாகவே நின்றாள். "அம்மா, பாப்பாவுக்கு நான் பூ வெச்சு விடறேன். அக்கா, நீங்களும் வாங்க" என்று எங்களைத் தன் அறைக்குள் கூட்டிப்போய்த் தாழ்ப்பாள் போட்டாள். பூவை என் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் ஒதுங்கி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா, இது தொட்டாலே ஒட்டிக்குமா?"

"தொட்டா ஒட்டாது கண்ணு. எச்சில், மூத்திரம் இதெல்லாம் வாய்க்குள்ள போனாத்தான். ஏன், பயமா?"

அவள் கதவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "நான் முழுகாம இருக்கறனுங்க்கா."

மிளிர் கட்டில்மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தாள். அவளை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"அவருதானுங்க்கா. கடலுக்குள்ள இருக்கற காத்தாடி மின்நிலையத்துல வேலை, லீவுல வந்தப்ப... மூணு வாய்தான, வாய்ல வாங்கித் துப்பிருங்கறாரு. துப்பினாப் போயிருமாக்கா?"

"போகாது."

"பிள்ளைக்கு?"

"காய்ச்சல்னு சொல்லித் தள்ளிப் போடு" என்றேன்.

"போன வாரமே காய்ச்சல்னு தள்ளியாச்சு. அம்மாவுக்கு இப்பவே சந்தேகம். அப்பாகிட்ட மூச்சு விட முடியாதுங்க்கா. மையத்துல கண்ணாடி ஒடச்சாரே ஒருத்தர், அது எங்கப்பாதான். எங்கக்கா கல்யாணத்தப்ப." அவள் வயிற்றின்மேல் கையை வைத்தாள். "எனக்கு இந்தப் பிள்ளை வேணுங்க்கா. முழுசா வேணும்."

கதவு தட்டப்பட்டது. "நறு! நேரமாச்சு சாமி!"

கண்ணாடியை உடைத்த மகானுபாவர் யார் என்று பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஏனென்றால் அவர் உடைத்ததற்குப் பிந்தைய மாதங்களில்தான் எனக்கும் பிள்ளைச்சோறு நடந்தது. திருப்பூரில், என் பெரியப்பா வீட்டில். எனக்கு அப்போது நாள் தள்ளிப் போயிருந்தது, கல்யாண அலைச்சல் என்று இருந்துவிட்டேன். யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் யோசித்திருப்பேன். யாரும் கேட்கவில்லை. எனக்கு ஊட்டிய பையன் கொழுகொழுவென்று இருந்தான். நெய்ச்சோறு ருசியாக இருந்ததென்று நாலாவது வாயும் கேட்டு வாங்கித் தின்றேன். விஷயம் தெரிந்த பிறகு பிடி, கிடி எதுவும் பார்க்காமல் மருதமலையில் அவசரக் கல்யாணம். மிளிர் பிறந்த பிறகு கோயமுத்தூருக்கே வந்துவிட்டோம்.

"நீ வந்து உக்காரு. வாயத் திறக்காத. நான் பாத்துக்கறேன்" என்று நறுமுகையிடம் சொன்னேன். என்ன பார்த்துக்கொள்ளப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

கூடத்தில் மனை போட்டிருந்தது. விளக்கு, வெள்ளிக் கிண்ணம், சுற்றிலும் உறவுக்காரப் பெண்கள். நறுமுகையின் அப்பா சென்னியப்பன் வாசற்படியில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிளிரை மனையில் உட்கார வைக்கும் சாக்கில் அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினேன். பெற்ற பிள்ளையைக் கிள்ளிய கை இது. அவள் வீறிட்டு அழுதாள்.

"பிள்ளைக்கு ஒடம்பு சரியில்லீங்க போல. இன்னொரு நாளைக்கு வெச்சுக்கலாமுங்க" என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார் சுலோச்சனா. ஒரு கல்கண்டைத் தேனில் தோய்த்து மிளிரின் வாயில் வைத்தார். இரண்டு சப்பு சப்பியதும் அழுகை நின்றுவிட்டது. என் மகளின் அழுகைக்கு ஆயுசு அவ்வளவுதான். சமர்த்தாகச் சோற்றில் கை வைத்தாள். ஒரு வாய் தின்றாள். விரலைச் சப்பினாள். சுற்றி நின்றவர்கள் குலவை போட்டார்கள். நறுமுகையின் முகம் வெளுத்திருந்தது, வெட்கம் என்று யாரோ சிரித்தார்கள்.

எனக்கு இருந்தது ஒரே வழி. இந்த வீட்டு வாசலை இனி மிதிக்க முடியாது, எந்த வீட்டு வாசலையும் மிதிக்க முடியாது என்று தெரிந்தேதான் வாயைத் திறந்தேன்.

"நிறுத்துங்க. ஒண்ணு சொல்லோணும். எம்மகளுக்குக் காது கேக்காதுங்க. மறைச்சுட்டேன். பெரிய மனசு பண்ணி மன்னிச்சுக்கோங்க. வேற பிள்ளையப் பாத்துக்குங்க."

குலவை பாதியில் நின்றது. மனைக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். "நல்ல நாளும் அதுவுமா..." என்று சுலோச்சனா நெஞ்சில் கை வைத்தார். நான் எதிர்பார்த்தபடியே நடந்துகொண்டிருந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு அழுகை முட்டியது. நெய்க் கையோடு சுற்றிச் சுற்றிப் பார்த்து, எல்லாரும் ஏன் தள்ளிப் போகிறார்கள் என்று புரியாமல் மிளிர் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் ரங்கநாயகி அம்மாள் முதல் தடவையாகப் பேசினார்.

"காது கேக்காட்டி என்னங்க? குழந்த குழந்ததான? ஊட்டட்டும்."

விதியைப் பாருங்கள். இருபது வீட்டில் ஒரு வீட்டிலாவது யாராவது இந்த வார்த்தையைச் சொல்ல மாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன். சொல்லக்கூடாத வீட்டில், சொல்லக்கூடாத நேரத்தில் சொல்கிறார் இந்த அம்மாள்.

"சம்பந்தியே சொல்லிட்டாங்க, ஆகட்டும், ஆகட்டும்" என்றார் சென்னியப்பன். "ராகு காலம் வந்துரும்."

இனி மறைக்க என்னிடம் ஒன்றுதான் மிச்சம்.

"ஏன் காது கேக்கலைன்னு கேளுங்க" என்றேன். குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "இதே மாதிரி மனையில உக்கார வெச்சு எனக்கும் ஊட்டினாங்க. அன்னைக்கு இவ எவ்வயித்துல இருந்தா. எனக்கே தெரியாது. கல்யாணத்துக்கு முன்னாடிதான், ஆமா. ஒருத்தரும் என்னக் கேக்கல. மையத்துல கேக்கல, எங்கம்மா கேக்கல. கேக்கறது அசிங்கம்னு விட்டுட்டாங்க. அந்த அசிங்கத்துக்கு எம்மகளோட ரெண்டு காதும் போச்சு."

"ஏம்மா, பொம்பளப் பிள்ளைக இருக்கற எடத்துல என்ன பேச்சு பேசற நீ!" சென்னியப்பன் உள்ளே பாய்ந்து வந்தார். "எந்திரி மொதல்ல!"

அவர் கத்தியது எல்லாருக்கும் கேட்டது, மிளிரைத் தவிர. அவள் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சோற்றை உருட்டி எடுத்துக்கொண்டு எழுந்து, நறுமுகையின் வாய்க்கு நேரே கையை நீட்டினாள். இத்தனை வீடுகளில் பழகிய கை அது. நறுமுகை அந்தச் சின்ன மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். உதட்டை இறுக மூடி முகத்தைத் திருப்பினாள். மிளிர் விளையாட்டென்று நினைத்து இன்னும் எக்கினாள். நறுமுகை விடவில்லை. அவள் கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

சுலோச்சனா மகளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். கேட்கக்கூடாத கேள்விக்கு எல்லார் முன்னாலும் பதில் கிடைத்துவிட்டது. இப்போது சென்னியப்பன் எதை உடைப்பார் என்று நான் பயந்தேன்.

ரங்கநாயகி அம்மாள் கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். மனைக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தார். மிளிர் அவருக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். அவர் கூப்பிடவில்லை, தொடவும் இல்லை. உள்ளங்கையால் பலகைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினார். மிளிர் திரும்பினாள். அவர் விரல்களைக் குவித்து உதட்டருகே கொண்டுபோய், பிறகு தன் நெஞ்சைத் தொட்டார். எங்கள் கைப்பேச்சில் அதற்கு 'எனக்குத் தா' என்று அர்த்தம்.

மிளிர் ஒரு கணம் திகைத்து நின்றாள். வெளியாள் ஒருத்தர் அவளோடு பேசியது அதுதான் முதல் தடவை. ஓடிப்போய் அவர் வாயில் சோற்றைத் திணித்தாள். அவர் மென்று விழுங்கிவிட்டுக் கையை அசைத்தார். 'நல்லா இருக்கு. இன்னும்.' மூன்று வாய் ஆயிற்று. மிளிர் கெக்கலி கொட்டிச் சிரித்தாள்.

"ஊட்டியாச்சுங்க" என்று ரங்கநாயகி எழுந்தார்.

"சம்பந்தி, பொண்ணுக்கு..." என்று சென்னியப்பன் இழுத்தார். அவர் குரலில் இருந்த இடி காணாமல் போயிருந்தது.

"பொண்ணுக்கு ஊட்டினா என்ன, மாமியாளுக்கு ஊட்டினா என்ன? பிடி பாக்கோணும்னு கேக்கறது மாப்பிள்ளை வீடுதான? நாங்க கேக்கல. இந்த மாசத்துலயே ஒரு முகூர்த்தம் பாருங்க."

"இந்த மாசமேங்களா? மண்டபம் கிடைக்காதுங்களே" என்றார் சுலோச்சனா, பாதி அழுகையில்.

"கோயில்ல கட்டினாத் தாலி நிக்காதுங்களா?" அவர் நறுமுகையின் தலையைத் தொட்டார். "அம்மிணி, போய்க் கையச் சோப்புப் போட்டுக் கழுவு. பிள்ளை பொறக்கற வரைக்கும் எந்தக் குழந்தை எச்சிலும் உம்மேல படக்கூடாது. எம்பையன் வரட்டும், அவனுக்கு இருக்குது."

சுலோச்சனாவுக்குச் சட்டென்று வேறு பயம் வந்துவிட்டது. "ஏனுங்க, நீங்க அந்தச் சோத்தச் சாப்ட்டீங்களே, உங்களுக்கு ஒட்டிக்காதுங்களா?"

"எனக்கு வந்து முப்பத்தோரு வருஷமாச்சுங்க. அது உள்ளதான் குடியிருக்குது."

யாரும் அதை யோசித்ததாகத் தெரியவில்லை. எல்லாரும் முகூர்த்தத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். நான் மிளிரைத் தூக்கிக்கொண்டு வெளியேறினேன். யாரும் எங்களைத் தடுக்கவில்லை, தாம்பூலமும் கொடுக்கவில்லை. செருப்பு மாட்டும்போது ரங்கநாயகி அம்மாளும் வாசலுக்கு வந்தார். அவருடைய வண்டி வரக் காத்திருந்தார். மிளிர் என் தோளிலிருந்து அவரைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே இருந்தாள், அவரும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"தரையத் தட்டிக் கூப்பிடறது உங்களுக்கு யாருங்க சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டேன்.

"மாப்பிள்ளைக்கு மூத்தவன் ஒருத்தன் இருக்கறான். எனக்கு முதல் பிள்ளை. நானும் உன்ன மாதிரி கண்ணாடிப் பொட்டியில வளந்தவதான். அப்ப இந்தச் சோறெல்லாம் கிடையாது. முழுகாம இருந்தப்பப் பக்கத்து வீட்டுக் குழந்தையக் கொஞ்சினேன், அவ்வளவுதான். அவனுக்கும் பொறந்ததுலருந்தே காது கேக்காது. இப்ப சேலத்துல ஒரு இல்லத்துல இருக்கறான். அச்சு வேலை நல்லாத் தெரியும்."

"இவங்களுக்குத் தெரியாதுங்களா?"

"சம்பந்தம் பேச வந்தப்ப, உங்களுக்கு ஒரே பையன்தானுங்களேன்னாங்க. கேள்வி மாதிரி கேக்கல. நானும் சொல்லல." அவர் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "குறையிருக்கற வீடுன்னு பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு பயம். தீபாவளிக்குக்கூட நான்தான் அங்க போயிட்டு வருவேன், அவன இங்க கூட்டியாந்ததில்ல. நீ அத்தனை பேருக்கு முன்னால இவளுக்குக் காது கேக்காதுன்னு சொன்ன பாரு, எனக்கு அந்த எடத்துல உக்கார முடியல."

வண்டி வந்து நின்றது. அவர் ஏறவில்லை. வாசலிலிருந்தே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏனுங்க, பத்திரிகை அடிக்கறப்ப எனக்கு ரெண்டு பசங்கன்னு போடுங்க. மூத்தவன் பேரு செங்கதிர்."

சென்னியப்பன் வெளியே வந்தார். எங்களை மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பசங்களா?" என்று கேட்டார். "மூத்தவரு எங்கங்க இருக்கறாரு?"

ரங்கநாயகி அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பதில் சொல்ல மறுபடியும் உள்ளே போனார்.